சுடும் என்று சொன்னவர்

எனக்கு லேசர் செய்து தந்த அந்த மனிதர் இப்போது கனடாவில் பேரப்பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறாராம். அண்மையில் ஒரு கலியாண வீட்டில் கேள்விப்பட்டேன். சொன்னவர், "நல்ல மனிசன், என்ன?" என்று என் முகத்தைப் பார்த்தார். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கழித்தும் அவரைப் பற்றிய பேச்சு வந்தால் எனக்கு வலது உள்ளங்கை சுடுகிறது. அலங்காரத்துக்காக இதைச் சொல்லவில்லை. அவர் செய்த சாமானைப் பிடித்த கை அது.

யுத்தம் அதன் கடைசி வருடங்களுக்கு வந்திருந்த காலம். நான் கண்டியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். எங்கள் பூர்வீகம் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று. அப்பா டவுனுக்கு வந்து கடைக் கணக்கு எழுதி என்னைப் படிக்க வைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். மற்றப் பெண்கள் சேலைக் கடைக்குப் போகிற நேரத்தில் நான் பழைய றேடியோக்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இது அம்மாவுக்குப் பெரிய கவலை. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், மேசை மேல் கிடந்த ஈயப் பற்றாசைக் கண்டு, வீட்டில் யார் ரிப்பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டது. நான்தான் என்றேன். அவர்கள் திரும்பி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கெலிஓயாவுக்குப் போவேன். அங்கே றேடியோ, டீவி திருத்தும் ஒரு முஸ்லிம் நானாவின் கடைப் பின்னறையில் எங்களைப் போல் பைத்தியம் பிடித்தவர்கள் ஐந்தாறு பேர் கூடுவோம். அப்போது எங்களுக்குப் பிடித்திருந்த பைத்தியம் லேசர். கணினியில் டிவிடி எழுதும் பெட்டி பழுதானால் எல்லோரும் எறிந்துவிடுவார்கள். அதன் வயிற்றுக்குள் மிளகளவில் ஒரு டயோடு இருக்கும். அதைப் பக்குவமாகக் கழற்றி ஒரு குழாய்க்குள் வைத்து, முன்னால் வில்லை பொருத்தி, அளவான மின்சாரம் கொடுத்தால் சிவப்புக் கதிர் ஒன்று வரும். நடைபாதையில் சாவிக்கொத்தோடு விற்கிறார்களே, அந்த விளையாட்டுச் சாமான் இல்லை இது. கறுப்பு பலூனை உடைக்கும். தூரத்தில் வைத்த நெருப்புக்குச்சியைப் பற்ற வைக்கும்.

எங்கள் கூட்டத்தில் லேசருக்கு இரண்டே சாதி. சுடுவது ஒன்று, சுடாதது ஒன்று. யார் புதிதாக ஒன்றைச் செய்து கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, "சுடுமா?" என்பதுதான். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா வினையும் இதனால் வந்தது.

அந்த மனிதர் யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர். ஒரு திணைக்களத்தில் படம் வரையும் உத்தியோகம். கண்டியில் போர்டிங் ரூம் ஒன்றில் தனியாக இருந்தார். அவர் செய்கிற லேசர்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பித்தளைக் குழாயை மினுக்கி, நுனியில் புரி வெட்டி, கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவருவார். மற்றவர்கள் பிளாஸ்டிக் டோர்ச்சுக்குள் எதையோ திணித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருடையது மட்டும் நகைக்கடைச் சாமான் போல இருக்கும். அவர் விற்பார், மாற்றிக்கொள்ளவும் செய்வார். நான் துபாயிலிருந்து மாமா அனுப்பிய மல்டிமீட்டரைக் கொடுத்து ஒன்றை வாங்கினேன்.

"சுடுமா அண்ணா?" என்று கேட்டேன்.

"சுடுமோ எண்டு என்னைக் கேக்கிறீரோ? என்ரை சாமான் சுடாமல் வேறை ஆற்றை சாமான் சுடப்போகுது?"

அவர் என்னை 'நீர்' என்றுதான் பேசுவார். அவர்கள் ஊரில் அது மரியாதையில் ஒரு படியாம். எங்கள் காதுக்கு அது வாத்தியார் பிரம்பைத் தட்டுகிற மாதிரிக் கேட்கும். அன்றைக்கு அதையும் பொறுத்துக்கொண்டேன். பசை இன்னும் காயவில்லை, இரவு வரைக்கும் அழுத்த வேண்டாம் என்றார். சரியென்று வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

போகிற வழியிலேயே என் வாய் சும்மா இருக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, அவர் பிள்ளைகள், எதிர்வீட்டு மாமி எல்லோரையும் பார்க்க வரச்சொன்னேன். மேசையில் ஒரு நெருப்புக்குச்சியை நிற்க வைத்து, லைட்டை அணைத்து, குழாயை அழுத்தினேன். சிவப்புப் புள்ளி விழுந்தது. குச்சியின் கறுப்பு மருந்து அப்படியே இருந்தது. இன்னும் அழுத்தினேன். புள்ளி மங்கிக்கொண்டு போனது. ஆனால் குழாய் சூடேறியது. அடுப்பிலிருந்து எடுத்த கரண்டியைப் பிடித்த மாதிரி ஆகி, நான் அதைக் கீழே போட்டேன். எதிர்வீட்டு மாமி, "இதுக்கா மாமா அனுப்புன மெசினக் குடுத்த?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா லைட்டைப் போட்டுவிட்டு எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றப் போனாள்.

மறுநாள் குழாயைத் திறந்தேன். ஒட்டிய பசையைச் சுரண்டி எடுக்கவே பாதிப் பொழுது போனது. உள்ளே பார்த்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மின்சாரத்தை அளவோடு வைத்திருக்க ஒரு சுற்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரேயொரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து விட்டிருந்தார். டயோடின் சூடு போவதற்கு வழியும் வைக்கவில்லை. வெளியில் அத்தனை மினுக்கம், உள்ளே இவ்வளவுதான். சின்னப் பிள்ளைகள்கூட இதைவிட ஒழுங்காகச் செய்யும்.

அடுத்த ஞாயிறு அதை நானாவின் மேசையில் வைத்தேன். எல்லோரும் இருந்தார்கள்.

"சுடும்னு சொன்னீங்களே அண்ணா."

"ஏன், சுடேல்லையோ?"

"குச்சிய சுடல. கொழாதான் சுடுது. என் கையத்தான் சுட்டுச்சு."

அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். "அப்ப சுடுதுதானே. நான் சொன்னதிலை என்ன பிழை?"

எல்லோரும் சிரித்தார்கள். நானாகூட சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார். நான் உள்ளே கண்டதைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீர் திறந்து கிண்டிப்போட்டு இப்ப என்னிலை பழி போடுறீர். உங்கடை ஆக்களுக்கு இப்பிடி நுணுக்கமான சாமான் பிடிக்கத் தெரியாது, தங்கச்சி. இது தேயிலைக் கொழுந்து இல்லை, கிள்ளிப் பாக்கிறதுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. நானாதான் முதலில் பேசினார். "அப்பிடிச் செல்லப் படாது. புள்ள மனசு நோகுமே. அந்த மீட்டரத் திருப்பிக் குடுத்திடுங்க, சண்ட முடிஞ்சிச்சி."

"குடுக்கிறன். எனக்கென்ன," என்றார் அவர்.

"எனக்கு மீட்டர் வேணாம்," என்றேன். "நீங்க செஞ்சது பிழைன்னு சொல்லுங்க. இவங்க எல்லாம் இருக்கிற எடத்துல சொல்லுங்க. அது போதும்."

அவர் எழுந்து கைலேஞ்சியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "நான் செய்யிறது ஒண்டும் பிழைக்கிறேல்லை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. அந்த மனிதர் வாயிலிருந்து 'பிழை' என்ற சொல்லை எடுக்க வேண்டும். அதற்கு என்னால் முடிந்ததையெல்லாம் செய்தேன். அவரிடம் வாங்க வருகிறவர்களைக் கடை வாசலில் பிடித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டினேன். மாத்தளையிலிருந்து வந்த ஒருவர் திரும்பிப் போனார். கலகெதரவிலிருந்து வந்த ஒருவர் அங்கேயே ஒரு நெருப்புக்குச்சியைப் பற்றவைத்துக் காட்டச் சொன்னார். லேசர்க்காரருக்கு உடனே தலைவலி வந்துவிட்டது. அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது நான் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

இதோடு எஸ்எம்எஸ்ஸும் அனுப்பினேன். அந்தக் காலத்து ஃபோனில் தமிழ் எழுத்து வராது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவோம். அலுவலகத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மேசைக்குக் கீழே தட்டுவேன். அவர் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. பதில் வராதது எனக்கு இன்னும் வெறியைக் கிளப்பியது. கடைசியாக அனுப்பியது இதுதான்: "சுடும்னு சொன்னீங்க. ஒண்ணும் சுடல. ஞாயித்துக்கெழம எல்லார் முன்னுக்கும் சுட்டுக் காட்டணும். இல்லாட்டி ஒங்கள விட மாட்டேன்."

அந்த ஞாயிறு தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வல வாரத்துக்குள் வருகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. கண்டியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெருவெல்லாம் கதிரை போட்டுக்கொண்டிருந்தார்கள், சந்திக்குச் சந்தி ஆமிக்காரர்கள் நின்றார்கள். ஆனால் என் தலைக்குள் ஒரு பித்தளைக் குழாய் மட்டும்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். ஞாயிறு கூட்டத்துக்கு முன்பே நானாவிடம் குழாயைக் காட்டி, உள்ளே இருப்பதை அவர் வாயால் சொல்லவைத்துவிட வேண்டும் என்று திட்டம். குழாயை முன்பிருந்த மாதிரியே பொருத்திக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பேராதனைப் பாலத்துக்குக் கிட்டப் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வழக்கம்தான். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் போனோம். பெண்கள் பையைப் பார்க்க ஒரு பொலிஸ் பெண் நின்றாள். அவள் குழாயை எடுத்து, பொத்தானை அழுத்தி, தன் உள்ளங்கையில் விழுந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள். விளையாட்டுச் சாமான் என்றேன். அவள் என் ஃபோனை வாங்கினாள்.

பாலத்துக்கு அப்பால் இருந்த ஒரு பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த இன்ஸ்பெக்டர் சில வருடங்கள் வவுனியாவில் வேலை செய்தவர். அங்கே கற்ற தமிழ் அவரிடம் இருந்தது. நில், வா, கையைத் தூக்கு, சுடுவேன். அவ்வளவுதான் அவருடைய தமிழ். என் ஃபோனில் இருந்த கடைசிச் செய்தியை அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தார். ஒரே ஒரு செய்தியில் அவருக்குத் தெரிந்த சொல் மூன்று தரம் வந்தது. பிறகு சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை எங்கே என்று தேடினார்.

"ஞாயிறு யாரைச் சுடப் போகிறீர்கள்?" என்று சிங்களத்தில் அமைதியாகக் கேட்டார்.

அந்த நாட்களில் அப்படி உள்ளே போனவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. எங்கள் லயத்து உறவுக்காரப் பையன் ஒருவன் வேலை தேடிக் கொழும்புக்குப் போனவன், பூசா தடுப்பு முகாமில் இருக்கிறான் என்று தெரியவே மாதக்கணக்கு ஆனது. வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கூட்டி விளக்கினேன். எங்கள் மொழியில் சூடேறுவதற்கும் அதுதான் சொல், எரிப்பதற்கும் அதுதான் சொல். தோசை சுடுவோம், வெயில் சுடும், கை சுடும். வெடி வைக்கச் சொல்வதென்றால் வெடி என்றே எழுதியிருப்பேன் என்றேன்.

"நான் இருந்த இடத்தில் யாரும் வெடி என்று கத்தவில்லை," என்றார் அவர். "சுடு என்றுதான் கத்தினார்கள்."



செய்தி போன நம்பருக்கு அவரே ஃபோன் எடுத்தார். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். லேசர்க்காரர் குரல் கேட்டது. அறிமுகம் சொல்லி, இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். லேசர்க்காரர் நல்ல சிங்களத்தில், அப்படி யாரையும் தெரியாது, நம்பர் மாறி வந்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது எனக்குப் பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அவர் வேலை செய்வது எந்தத் திணைக்களம், எந்த மாடி, எந்த மேசை என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். இன்ஸ்பெக்டர் கேட்காததையும் சொன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, இப்போதும் அதற்காக வருந்தவில்லை.

ஜீப் போய் அவரைக் கொண்டுவந்தது. படம் வரையும்போது போடும் கறுப்புக் கைமேலுறையைக்கூடக் கழற்ற விடவில்லை போலும், முழங்கை வரை அது இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். அவருடைய அடையாள அட்டையை வாங்கி, பிறந்த ஊரைப் பார்த்ததும், இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கேள்வி ஒன்றுதான். இந்தச் சாமான் தூரத்தில் இருப்பதை எரிக்குமா? எரிக்குமென்றால் அது ஒரு விஷயம். எரிக்காதென்றால் இன்னொரு விஷயம்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இதோ சொல்லப்போகிறார் என்று என் மனம் குதித்தது. ஜெயிலுக்கு முன்னால் நின்றுகொண்டும் எனக்கு அந்த ஒரு சொல்தான் வேண்டியிருந்தது.

"இல்லை சேர். எரிக்காது. விளையாட்டுச் சாமான். இந்தப் பிள்ளையிடம் விற்பதற்காக நான் பொய் சொன்னேன்," என்றார் சிங்களத்தில்.

பொய் சொன்னாராம். பிழையாகச் செய்தேன் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? பொலிஸ் நிலையத்தில் நின்று தன்னைப் பொய்யன் என்று சொல்லிக்கொள்ள அந்த மனிதரால் முடிந்தது. கைவேலையைப் பற்றி ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் தன் நெருப்புப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்துச் சாம்பல் தட்டின் விளிம்பில் குத்தி வைத்தார். குழாயை என் கையில் தந்தார். "சுட்டுக் காட்டு," என்றார் தமிழில். என் செய்தியிலிருந்தே எடுத்த சொல்.

அழுத்தினேன். சிவப்புப் புள்ளி குச்சியின் தலையில் போய் நின்றது. இத்தனை நாள் அது எரியவில்லை என்று ஊரைக் கூட்டியவள், இப்போது கதிர்காமக் கந்தனைக் கூப்பிட்டு, எரியக்கூடாது என்று கேட்டேன். லேசர்க்காரரும் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. புள்ளி மங்கியது. குழாய் சூடேறிக்கொண்டு வந்தது. நான் கையை எடுக்கவில்லை. தோல் எரிய எரியப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் வெளிச்சம் முழுதாகச் செத்துப்போனது. குச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்ஸ்பெக்டர் குழாயை வாங்கினார். வாங்கியதும் சட்டென்று மேசையில் போட்டுவிட்டு விரலை உதறினார். "இதுவும் சுடுவா?" என்று கேட்டார்.

"ஆமா சேர். இதுதான் சுடு," என்றேன்.

அறையில் இருந்த பொலிஸ்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எங்களைப் போகச் சொன்னார். குழாய் நிலையத்திலேயே இருக்கட்டும் என்றார். எனக்கு அடையாள அட்டையைத் திருப்பித் தந்தார். லேசர்க்காரருடையதை மேசை இழுப்பறைக்குள் போட்டு, விசாரிக்க வேண்டியிருக்கிறது, திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள் என்றார். நான் கண்டியில் பிறந்தவள், அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். வித்தியாசம் அவ்வளவுதான்.

வெளியே பஸ் தரிப்பில் நின்றோம். மத்தியான வெயில். அவர் மேலுறையைக் கழற்றி மடித்துக்கொண்டே முதல் வார்த்தை பேசினார்.

"பற்றறி இறங்கிப்போச்சு. புதுப் பற்றறி எண்டால் கட்டாயம் பிடிச்சிருக்கும்."

என் காதையே நான் நம்பவில்லை. உள்ளங்கையில் தோல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. "அப்பிடியா?" என்றேன். "அப்ப வாங்க, உள்ள போயி இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுவோம். புது பெட்டரி வாங்கிப் போட்டா எரியும்னு சொல்லுவோம்."

நான் திரும்பி வாசலை நோக்கி நடந்தேன். அவர் ஓடிவந்து முன்னால் நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"தங்கச்சி, விசர் வேலை பாக்காதையும்."

"நீங்க செஞ்சது பிழையா, சரியா?"

"பிழை."

"கேக்கல."

"பிழை. நான் செய்தது பிழை. சரியான சேர்க்கிட் வைக்கேல்லை. போதுமோ?"

காவலுக்கு நின்றவன் தமிழ்ச் சத்தம் கேட்டு எங்கள் பக்கம் திரும்பினான். அவர் உடனே குரலை இறக்கிக்கொண்டார். வாரக்கணக்காக நான் அலைந்து தேடிய சொல் கிடைத்துவிட்டது. ஆனால் மனம் நிறையவில்லை. நிறையும் என்று எவ்வளவோ நினைத்திருந்தேன். காலையில் அந்த ஃபோனில் கேட்டது அதைத் தின்றுவிட்டது.

"என்னைத் தெரியாதுன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் ரோட்டைப் பார்த்தார். "எண்பத்திமூண்டுக் கலவரத்திலை நான் இஞ்சைதான் போர்டிங்கிலை இருந்தனான். என்னைத் தெரிஞ்ச ஆக்கள்தான் அடிக்க வந்த சனத்துக்கு என்ரை அறையைக் காட்டினவை. தெரியாத ஆக்கள் ஒண்டும் செய்யேல்லை. அண்டையிலிருந்து எனக்கு இஞ்சை ஒருத்தரையும் தெரியாது, தங்கச்சி. ஒருத்தருக்கும் என்னைத் தெரியவும் வேண்டாம்."

மடித்த மேலுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஒரே பஸ்ஸிலை போவம். என்னட்டை அடையாள அட்டை இல்லை. பாலத்தடியிலை மறிச்சால், ரெண்டு பேரும் இஞ்சை வந்துதான் போறம் எண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடும்," என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். கண்டி பஸ் வந்தது. அவர் முன்பக்கம் போய் உட்கார்ந்தார், நான் பின்பக்கம் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அவருடைய பின்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். தேயிலைக் கொழுந்து கிள்ளுவது பற்றி அவர் சொன்னது, எதிர்வீட்டு மாமி கேட்டது, சுவரைப் பார்த்து நின்றது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. நான் இன்ஸ்பெக்டர் முன்னால் செத்துக்கொண்டு நின்றபோது நம்பர் மாறி வந்திருக்கிறது என்றாரே, அதுதான் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது.

பாலத்தடியில் இறக்கினார்கள். காலையில் என்னைப் பிடித்த அதே பொலிஸ் பெண்தான் நின்றாள். என்னைக் கண்டதும், "விட்டுவிட்டார்களா?" என்று சிரித்தாள். விட்டுவிட்டார்கள் என்றேன். அட்டையைக்கூட வாங்கிப் பார்க்காமல் போகச் சொன்னாள். ஆண்கள் வரிசையில் அவரிடம் அட்டை கேட்டார்கள். அவர் ஏதோ சொன்னார். கேட்டவன் நம்பவில்லை. அவர் கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"அந்த மிஸ்ஸுக்கு என்னைத் தெரியும். அவரைக் கேளுங்கள்," என்றார் சிங்களத்தில். எல்லோருக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னார்.

பொலிஸ் பெண் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "உனக்கு இந்த ஆளைத் தெரியுமா?" என்றாள்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவசரப்படவில்லை. அவர் முகத்தை நன்றாகப் பார்த்தேன், ஒரு மனிதரை முதல் தடவை பார்க்கிறவர்கள் பார்க்கிற மாதிரி.

"தெரியாது," என்றேன்.

அவரை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறினோம், பஸ் புறப்பட்டது. பொழுது சாய்வதற்குள் யாரோ நிலையத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டு அவரை விட்டுவிட்டார்களாம், பின்னால் நானா சொன்னார். கெலிஓயாவுக்கு அவர் அதற்குப் பிறகு வரவில்லை. அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. வீட்டுக்குப் போனேன். அம்மா என் கையைப் பார்த்துப் பதறி, தேங்காய் எண்ணெய் பூசிவிட்டு, சோறு போட்டாள். கையால் பிசைய முடியவில்லை. கரண்டியால் அள்ளி வயிறு நிறையச் சாப்பிட்டேன்.